எந்த ஊருக்குப் போறாய் எண்டு அவளிட்டக் கேக்காதேங்கோ

எங்கட தோழி ஒருத்தி எம்.டி. தெரிவுப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டாள். குழந்தை மருத்துவம். பெறுபேறு வந்த கிழமையே அவளுடைய வீட்டு முற்றத்தில் ஒரு மாநாடு தொடங்கிவிட்டது. பெரியப்பா கொழும்பு என்றார். மாமி, "கொழும்பில நில்லு பிள்ளை, நாலு பேரைத் தெரிஞ்சு வைச்சால்தான் பிறகு லண்டன் போகலாம்" என்றா. ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் வந்த சித்தப்பா, இலங்கையில் படிப்பதே காலவிரயம், நேரே பிளாப் எழுது என்றார். மூன்றாம் வீட்டு அன்ரிக்கு இருந்த கவலை ஒன்றுதான்: "யாழ்ப்பாணத்தில மட்டும் நிண்டிடாதை. இஞ்ச என்ன ஸ்கோப் இருக்கு?"

அன்று பின்னேரம் மருதனார்மடச் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது அவள் இதையெல்லாம் நடித்துக் காட்டினாள். நாங்கள் சிரித்தோம். சிரித்து முடிய, எங்களில் ஒருவன் கொஞ்சமும் யோசிக்காமல் கேட்டான்: "அப்ப எந்த ஊருக்குப் போறாய்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எதிராக எழுதப்படுகிறது. கேட்டவனும் எங்களில் ஒருவன் என்பதால் இது எங்களுக்கு எதிராகவும்தான்.

முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறோம், மருத்துவம் படிக்காத எங்களுக்கே இது பிந்தித்தான் விளங்கியது. எம்.பி.பி.எஸ். முடித்து, ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி முடித்து, அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்துகொண்டே படித்து, தெரிவுப் பரீட்சை எழுத வேண்டும். சித்தியடைந்தால் சில வருடம் ரெஜிஸ்ட்ரார். பிறகு இறுதிப் பரீட்சை. பிறகு சிரேஷ்ட ரெஜிஸ்ட்ரார். அதற்குள் பெரும்பாலான துறைகளில் ஒரு வருடமளவு வெளிநாட்டுப் பயிற்சி. அதெல்லாம் முடிந்தால்தான் விசேட வைத்தியர், எங்கட சனம் சொல்கிற 'கொன்சல்டன்ட்'. இந்தப் பாதை முழுவதையும் நடத்துவது நடைமுறையில் ஒரே ஒரு நிறுவனம். கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகம், பேச்சில் பீ.ஜீ.ஐ.எம். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் காலியிலும் மருத்துவ பீடங்கள் இருக்கின்றன, டொக்டரை உருவாக்கலாம். விசேட வைத்தியராக வேண்டுமென்றால் எல்லாரும் கொழும்பு 7 இல் உள்ள அந்த ஒரு வாசலால்தான் போய்வர வேண்டும்.

பயிற்சி இடங்கள் புள்ளி வரிசையில் போகும். முன்னால் நிற்பவர் எடுத்தது போக மிச்சம்தான் பின்னால் நிற்பவருக்கு. இடங்களில் மிகப் பெரும்பகுதி கொழும்பையும் அதன் அயலையும் கண்டியையும் சுற்றித்தான். குழந்தை மருத்துவம் என்றால் பொரளை லேடி ரிஜ்வே, பேராதனைச் சிறுவர் வைத்தியசாலை என்று மனம் தானாகவே போகும். எங்கட பெரியாஸ்பத்திரியிலும் சில துறைகளுக்குப் பயிற்சி உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் என்ற பெயர்களை, பயிற்சி முடித்தபிறகு வருகிற முதல் நியமனத்தின்போதுதான் ஒரு ரெஜிஸ்ட்ரார் பெரும்பாலும் கேள்விப்படுகிறார். அதுவும் எப்படி? எவ்வளவு சீக்கிரம் இடமாற்றம் எடுக்கலாம் என்று கணக்குப் போடுகிற ஊராக.

ஆக, ஒரு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதுப் பெட்டை தன் வாழ்க்கையின் அடுத்த ஏழெட்டு வருடத்தை எங்கே கழிப்பது என்று யோசிக்கிறாள். இந்த வருடங்களில்தான் கல்யாணம் நடக்கும். பிள்ளை பிறக்கும். வாடகை வீடு, பிறகு கடன், பிறகு தவணைக் காசில் வாங்கின மாடி வீடு. பிள்ளைக்கு முதலாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம். பயிற்சி முடிகிறபோது அவளுடைய வேர் எங்கே இறங்கியிருக்கும்? பயிற்சி எடுத்த ஊரில்தான். "ஏன் திரும்பி வரேல்லை" என்று பிறகு கேட்பது, கன்றைக் கொண்டுபோய் வேறு வளவில் நட்டுவிட்டு ஏன் எங்கட வளவில் நிழல் இல்லை என்று கேட்பதுபோல.

இது நாங்கள் கண்டுபிடித்த உண்மை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2010இலேயே கிராமப்புறங்களில் மருத்துவர்களைத் தக்கவைப்பது பற்றிப் பரிந்துரைகள் வெளியிட்டது. 2021இல் அதைப் புதுப்பித்தது. கிராமப் பின்னணி உள்ள பிள்ளைகளைச் சேருங்கள், பெருநகரத்துக்கு வெளியே பயிற்சியைக் கொண்டுபோங்கள் என்பது அதில் இருக்கிறது. இலங்கையில் அதன் முதல் பாதியை ஓரளவுக்குச் செய்கிறோம், மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. (அந்த ஒதுக்கீட்டுக்குப் பின்னால் இருக்கிற தரப்படுத்தல் வரலாறு இன்னொரு கட்டுரை. இன்றைக்கு அதைத் தொட்டால் தோழியின் கதை முடியாது.) மாவட்டம் பார்த்துச் சேர்க்கிறோம், இலவசமாகப் படிப்பிக்கிறோம், கடைசிக் கட்டத்தில் எல்லாரையும் ஒரே திசைக்குத் திருப்பி அனுப்புகிறோம்.

இனி 'ஸ்கோப்' என்ற சொல்லுக்கு வருவோம்.

"யாழ்ப்பாணத்தில் கற்க ஒன்றுமில்லை" என்று சொல்கிற அன்ரியை நாங்கள் பகிடி பண்ணலாம். ஆனால் அதையே கொஞ்சம் நல்ல தமிழில், கொஞ்சம் புள்ளிவிபரத் தொனியில், மருத்துவம் படித்தவர்களும் சொல்கிறார்கள். சில துறைகளில் அது உண்மைதான், மறைக்கத் தேவையில்லை. நுண்ணிய உபதுறைகள் இங்கே இல்லை, சில கருவிகள் இல்லை, கருவி இருக்கிற இடத்தில் அதை இயக்க ஆள் இல்லை. ஒரு துறைக்கு ஒரே ஒரு விசேட வைத்தியர் இருந்தால் அவர் லீவில் போகும்போது பயிற்சியும் லீவில் போகும். இதெல்லாம் சரி. ஆனால் நோயாளி இல்லையா? வடமாகாணம் முழுவதிலிருந்தும் சனம் வந்து குவிகிற பெரியாஸ்பத்திரியின் கிளினிக் நாளில் ஒருமுறை போய் நின்று பார்த்துவிட்டு யாரும் அந்தச் சொல்லைச் சொல்லட்டும்.

இந்த ஊருக்கே ஒரு அனுபவம் இருக்கிறது. 2020 டிசம்பரில் மருதனார்மடம் சந்தையில் கொரோனாக் கொத்தணி வந்தது. உடுவில் பிரதேசம் முடங்கியது. மரக்கறி விற்ற மனுசரையும் வாங்கின மனுசரையும் தேடித் தேடிப் பரிசோதித்தார்கள். அந்த பீ.சீ.ஆர். பரிசோதனைகள் யாழ். போதனா வைத்தியசாலை ஆய்வுகூடத்திலும் எங்கட மருத்துவ பீட ஆய்வுகூடத்திலும் நடந்தன. மாதிரியை அனுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்திருந்தால் அந்தச் சந்தையிலிருந்து எத்தனை வீட்டுக்கு அது போயிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. அந்த ஆய்வுகூடத்தில் இரவு பகலாக நின்றவர்களிடம் யாரும் ஸ்கோப் பற்றிக் கதைக்கவில்லை.

சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் சுன்னாகம், மல்லாகம், பிறகு தெல்லிப்பளை. அங்கே புற்றுநோய் வைத்தியசாலை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் 27 நாளில் 670 கிலோமீற்றர் நடந்து காசு சேர்த்தார்கள், 'ட்ரெயில்' நடை. சிங்களச் சனமும் தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் போட்ட காசு அது. அதற்கு முன்னர் இங்கிருந்து ஒரு புற்றுநோயாளி சிகிச்சைக்கு மகரகமவுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் ஒரு இரவு, தெரியாத மொழி, லொட்ஜில் தங்கல், கூடப் போன மகனுக்கு வேலை போகும். அந்தக் கட்டடம் எழும்பியது எவ்வளவு பெரிய விசயம் என்பது வீட்டில் ஒரு புற்றுநோயாளி இருந்தவர்களுக்குத் தெரியும்.

கட்டடம் வடக்குக்கு வந்துவிட்டது. அங்கே வேலை செய்யப்போகிற புற்றுநோய் வைத்தியரோ பயிற்சிக்காலத்தின் பெரும்பகுதியை மகரகமவில் கழிக்க வேண்டும். கட்டடத்துக்கு நடப்பதற்கு ஆயிரம் பேர் வந்தார்கள். பயிற்சி இடத்துக்காக நடக்க யாரும் இன்னும் வரவில்லை. புலம்பெயர்ந்த உறவுகளே, உங்கட ஊர்ச் சங்கங்கள் வாங்கித் தருகிற மெஷினுக்கு நன்றி. உண்மையாகவே நன்றி. ஆனால் பெயர்ப்பலகை மாட்ட முடியாத ஒன்றுக்கும் காசும் குரலும் தாருங்கள்: வருகிற ரெஜிஸ்ட்ராருக்குத் தங்க ஒரு விடுதி, பயிற்சி தருபவருக்கு நேரம், நல்ல நூலகம்.

தெற்கே இணுவிலில் மிசன் ஆஸ்பத்திரி, சற்றுத் தள்ளி மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை. கிறீன் என்ற பெயரை எங்கட பள்ளிக்கூடப் புத்தகம் 'தமிழில் மருத்துவம் தந்த அமெரிக்கர்' என்ற ஒரு வரியில் முடித்துவிடும். சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் படிப்பித்தார். பிறகு தமிழுக்கு மாறினார். அவரும் மாணவர்களும் சேர்ந்து உடற்கூற்றியல், இரணவைத்தியம், மகப்பேறு, இரசாயனம் என்று நூல் நூலாகத் தமிழாக்கினார்கள். அவர் ஏன் மாறினார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, ஆங்கிலத்தில் படித்த பிள்ளைகள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்கள் சொந்தச் சனத்துக்குள் இருந்து வைத்தியம் பார்ப்பார்கள் என்பது. மாமியின் முற்றத்து மாநாடு நூற்றைம்பது வருடத்துக்கு முன்னரே மானிப்பாயில் நடந்திருக்கிறது!

கிறீனைக் கும்பிட்டுவிட்டு நிறுத்தவும் நாங்கள் விரும்பவில்லை. அவருடைய யோசனையில் ஒரு சங்கடம் உண்டு. வெளியே போகிற கதவைச் சின்னதாக்கினால் பிள்ளைகள் உள்ளே நிற்பார்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது. போக வழியில்லாமல் நிற்பவளை நாங்கள் நின்றவள் என்று கொண்டாட மாட்டோம். அவள் பேராதனைக்கும் போகலாம், பேர்மிங்காமுக்கும் போகலாம் என்ற நிலையில், யாழ்ப்பாணமும் அந்த வரிசையில் மரியாதையான ஒரு தெரிவாக இருக்க வேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான், ஆனால் அது சின்னக் கேட்பு இல்லை.

இங்கே மற்றப் பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. வெளிநாடு போகிற டொக்டரைத் துரோகி என்று முகப்புத்தகத்தில் எழுதுகிற அண்ணாமாருக்கு. இலவசக் கல்வியில் படித்துவிட்டு ஓடுகிறார்கள் என்று 2022 நெருக்கடி நேரம் எத்தனை பதிவு பார்த்தோம். பெற்றோல் வரிசையில் ஒரு இரவு நின்று, காலையில் வார்டுக்குப் போய், அங்கே மருந்து இல்லை என்று நோயாளியின் மகனுக்கு எழுதிக்கொடுத்து, சம்பளம் அரிசிக்கும் வாடகைக்கும் போக மிச்சமில்லாமல் இருந்த ஒருவருக்கு நாங்கள் தியாகம் பற்றி வகுப்பெடுக்க முடியாது. இந்த அண்ணாமாரில் பாதிப்பேர் எழுதுவது பாரிஸிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் என்பது தனிப் பகிடி.

இதற்குச் செத்தவர்களையும் இழுப்பார்கள். 1987 ஒக்ரோபர் 21, 22இல் பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய இராணுவம் சுட்டு நோயாளரும் வைத்தியரும் தாதியரும் ஊழியருமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். லிவர்பூலில் ஆய்வு முடித்துத் திரும்பி வந்து, மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கிய ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் வீடு திரும்பும் வழியில் வீதியில் சுட்டுக்கொல்லப்பட்டார். இவர்களுடைய பெயரை, ஊரில் நிற்பதா போவதா என்று நித்திரையில்லாமல் இருக்கிற ஒரு பெட்டையின் முதுகில் சாட்டையாக அடிக்கிறதை நாங்கள் வெறுக்கிறோம். திரும்பி வந்தவரை இந்த மண் எப்படி வைத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் ராஜினியின் திரும்பி வரவை மட்டும் உதாரணம் காட்டுவது நேர்மையில்லை.

லண்டன் கனவுக்காரருக்கும் ஒன்று. பிரித்தானியாவில் பயிற்சி இடத்துக்கான போட்டி வருடாவருடம் ஏறிக்கொண்டிருக்கிறது. 2025 யூலையில் வெளிவந்த இங்கிலாந்தின் பத்தாண்டு சுகாதாரத் திட்டம் பயிற்சி இடங்களில் தங்கள் நாட்டுப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. மாமிக்கு லண்டன் இன்னும் 2005தான்.

அமெரிக்காவின் கதை இன்னும் சுவையானது. ஜே-1 விசாவில் பயிற்சி எடுக்கிற வெளிநாட்டு டொக்டர் முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. ஆனால் வைத்தியர் பற்றாக்குறையுள்ள பிரதேசம் ஒன்றில் மூன்று வருடம் வேலை செய்தால் அந்த விதியை விட்டுவிடுவார்கள். கொன்ராட் 30 என்று பெயர், 1994இல் தொடங்கியது, ஒரு மாநிலத்துக்கு வருடம் முப்பது பேர். அதாவது தன்னுடைய பிள்ளைகள் போக விரும்பாத கிராமத்துக்கு, பெரும் பணக்கார நாடு எங்கட பிள்ளைகளை அனுப்புகிறது. முல்லைத்தீவுக்குப் போகாத எங்கட டொக்டர், வட டகோட்டாவின் பனிக்குள் மூன்று வருடம் நிற்பார். பழி அவரில் இல்லை. வட டகோட்டா அவருக்கு நின்றால் என்ன கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. முல்லைத்தீவுக்காக அவருக்கு எழுதிக் கொடுத்தது யார்?

எழுதிக் கொடுக்கலாம் என்பதற்குக் கடலுக்கு அந்தப் பக்கமே உதாரணம் உண்டு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்களுக்கு முதுகலை மருத்துவப் படிப்பில் 50 வீத இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. கிராமத்தில் வேலை செய்தால் மேலதிக புள்ளி. பிறகு மத்திய விதிகள் குறுக்கே வந்தன. அரசு மருத்துவர்கள் சங்கமாகச் சேர்ந்து வருடக்கணக்காக வழக்காடினார்கள். 2020 ஓகஸ்ட் 31இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மாநிலங்கள் அப்படி ஒதுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே திருநெல்வேலி, தூத்துக்குடி, தருமபுரி என்று மாவட்ட அரசுக் கல்லூரிகளிலேயே முதுகலை இடங்கள் இருக்கின்றன. சென்னைக்குப் போகாமலே ஒருவர் விசேட வைத்தியராகலாம். எல்லாம் திறம் என்று சொல்ல வரவில்லை, அங்குள்ள அரசு டொக்டர்களின் வேலைப்பளு பற்றி அவர்களே வீதியில் இருந்து போராடியிருக்கிறார்கள். நாங்கள் கவனித்தது, மருத்துவர்கள் பயிற்சி இடத்தை ஒரு அரசியல் கோரிக்கையாக வைத்து வெல்ல முடிந்தது என்பதை.

எங்கட அரசியல்வாதிகளின் தேர்தல் விஞ்ஞாபனங்களைத் திறந்து பாருங்கள். ஆஸ்பத்திரிக்குக் கட்டடம் உண்டு. அம்புலன்ஸ் உண்டு. மருத்துவப் பயிற்சி இடம் என்று ஒரு வரியை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. நாங்கள் கேட்டதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அப்ப என்ன கேட்கலாம்? பீ.ஜீ.ஐ.எம். அங்கீகரித்த பயிற்சிப் பிரிவுகள் வடக்கிலும் கிழக்கிலும் கூட வேண்டும். பெரியாஸ்பத்திரியில் மட்டுமல்ல, தெல்லிப்பளையிலும் வவுனியாவிலும். முழுப் பயிற்சியும் தர ஆள் போதாது என்றால் பகுதிப் பயிற்சி: இரண்டு வருடம் இங்கே, ஆறு மாதம் பொரளை. கொழும்பில் பயிற்சி எடுக்கிறவரும் ஆறு மாதம் முல்லைத்தீவிலோ மொனராகலையிலோ நின்றால் அவருக்கும் நட்டமில்லை. இதில் தமிழருக்கு மட்டும் லாபம் என்று யாரும் நினைக்க வேண்டாம், மொனராகலைச் சிங்களத் தாய்க்கும் இதே பிரச்சினைதான், அவவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறா.

மொழியை யாரும் பயிற்சியாக எண்ணுவதில்லை, ஆனால் அதுவும் இருக்கிறது. யாழ். மருத்துவ பீடத்தில் தெற்கிலிருந்து வந்து படிக்கிற சிங்களப் பிள்ளைகள் வார்டுக்கு வரும்போது "எங்க நோகுது அம்மா?" என்று கேட்கப் பழகிவிடுகிறார்கள். கேட்கிற உச்சரிப்பில் கட்டில் முழுக்கச் சிரிக்கும், ஆனால் அம்மா பதில் சொல்வா. எங்கட தோழியும் பொரளைக்குப் போனால் "கொஹெத ரிதென்னே?" என்று கேட்கப் பழகத்தான் வேண்டும், பழகுவாள். குழந்தை மருத்துவத்தில் நோயாளி கதைக்காது, தாய்தான் கதைக்க வேண்டும். தாய் தன் மொழியில் பயத்தைச் சொல்வதும், இன்னொரு மொழியில் தடுமாறிச் சொல்வதும் ஒன்றில்லை. அதனால்தான் இங்கே தமிழ் கேட்கத் தெரிந்தவர்கள் தேவை, அவர்கள் எந்த இனமாக இருந்தாலும்.

கடைசியாக எங்கட வீடுகள். இதை எழுதாமல் அரசாங்கத்தை மட்டும் திட்டினால் மாமி எங்களை விட்டுவிடுவா, அது சரியில்லை. டொக்டர் மாப்பிள்ளைக்கு ஒரு விலை, கொன்சல்டன்ட் ஆகப்போகிறவருக்கு இன்னொரு விலை, லண்டனில் நிற்பவருக்கு வேறு விலை என்று சீதனப் பேச்சில் ஊருக்கு ஊர் மதிப்புப் போட்டு வைத்திருப்பது பீ.ஜீ.ஐ.எம். இல்லை. பெட்டை டொக்டருக்கோ கணக்கு வேறு: பயிற்சி முடிய முன்னர் கட்டு, மாப்பிள்ளை நிற்கிற நாட்டுக்குப் போ. குழந்தை வைத்தியர் ஆக வேண்டும் என்று பத்து வருடம் படித்தவளின் ஊரை, ஒரு தரகர் ஒரு சாதகக் குறிப்போடு தீர்மானித்துவிடுவார். வார இறுதியில் கொழும்பிலிருந்து வந்து போகிற டொக்டரிடம் சனலிங் நம்பர் எடுக்க விடிய நாலு மணிக்கு வரிசையில் நிற்கிற அதே சனம், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஊரில் நிற்கிறேன் என்றால் "ஏன் சோதினையில புள்ளி குறைவோ?" என்று கேட்கும். இதை நாங்கள் நேரில் கேட்டிருக்கிறோம்.

தேத்தண்ணிக் கடையில் அன்று கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை ஒரு கொப்பி ஒற்றையைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் எழுதி வைத்திருக்கிற வரிசை. ஐந்தாவதாகப் பொரளை. முதலாவதாகப் பேராதனை, அங்கே தனக்குக் கற்றுத்தர விருப்பமுள்ள ஒருவர் இருக்கிறார் என்றாள். நாங்கள் அதற்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவதாக யாழ்ப்பாணம், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பென்சிலால் 'இடம் இருந்தால்' என்று எழுதியிருந்தாள்.

மாமிக்கு இன்னும் காட்டவில்லையாம்.